முதலில் மெஷின் பட்டியல், பிறகு தூண்

சொந்த மனையில் நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி கட்ட நினைக்கும் டாக்டர்கள் பலரும் முகப்புப் படம்வரை முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்டிரக்சரல் இன்ஜினியரைத் தேடுகிறார்கள். "எல்லாம் ரெடி சார், தூண் மட்டும் போட்டுக் குடுங்க." இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

பிளான் வரைவதற்கு முன்பே மெஷின் பட்டியலை எழுதுங்கள். எது, எந்தத் தளத்தில், என்ன எடை, எந்த வழியாக உள்ளே வரும்? எம்.ஆர்.ஐ. காந்தம் நாலு டன்னைத் தொடும், லிஃப்டில் ஏறாது. தரைத்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டி இடம் ஒதுக்கி, அந்தச் சுவரைத் தூண்களுக்கு இடையே பிரித்தெடுக்கும்படி விடுங்கள். பத்து வருடம் கழித்துப் பழைய காந்தம் வெளியே போக வேண்டாமா? லிஃப்டும் கார் நிறுத்தமும் அதற்குத் தள்ளியே இருக்கட்டும். பக்கத்தில் நகரும் இரும்பு படத்தைக் கெடுக்கும்.

எக்ஸ்ரே அறைச் சுவரின் எடையையும் கணக்கில் சேருங்கள். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழுந்தால், மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.4 டன். அதன் நேர் கீழே பீம் வேண்டும். ஸ்லாப் போட்ட பிறகு "எக்ஸ்ரேயை அந்தப் பக்கம் மாத்திக்கலாமே" என்றால், அறை நகரும், பீம் நகராது.

எல்லோரும் மறப்பது தண்ணீரை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நூறு படுக்கை வரையுள்ள ஆஸ்பத்திரிக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 340 லிட்டர் என்கிறது. நாற்பது படுக்கைக்கு 13,600 லிட்டர். ஒரு நாள் தேவையை மொட்டை மாடியில் வைத்தாலே பதின்மூன்றரை டன். தீயணைப்புத் தண்ணீர் தனி. பிளாஸ்டிக் டேங்குதானே என்று உருட்டிப்போய் வைக்காதீர்கள். அதன் இடம் தூண்களின் தலைக்கு மேலே.

அடுத்தது மண் பரிசோதனை. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்து ஆழம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பின்னால் இரண்டு மாடி ஏற்றும் ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி, நான் டாக்டர்களோடு அதிகம் சண்டை போடும் இடம்: கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தை வெறும் தூண்களோடு விடுவது. கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ ஆஸ்பத்திரி 1971இல் புத்தம் புதுக் கட்டடம். மேல்தளங்களில் இருந்த கான்கிரீட் சுவர்கள் கீழே தொடரவில்லை. 1971 பிப்ரவரி 9 நிலநடுக்கத்தில் கீழ்த்தளம் பக்கவாட்டில் நழுவி, கட்டடமே சாய்ந்து நின்றது. இடித்துவிட்டு மிக உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். 1994 நிலநடுக்கத்தில் தூண், சுவர் எல்லாம் தாங்கின. ஆனால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து தளங்கள் நனைய, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஆகவே லிஃப்டைச் சுற்றிய கான்கிரீட் சுவர் அஸ்திவாரம்வரை இறங்கட்டும். குழாய்களையும் ஆக்சிஜன் லைனையும் ஸ்லாபோடு பிடித்துக் கட்டச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் பேஸ்மெண்டில் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"நம்ம ஊர்ல ஏது சார் நிலநடுக்கம்?" என்பார்கள். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 விதியின் 2016 பதிப்பில் சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம். சாதாரண வீட்டுக்கு முக்கியத்துவக் காரணி 1, ஆஸ்பத்திரிக்கு 1.5. அதாவது ஒன்றரை மடங்கு நிலநடுக்க விசைக்குக் கணக்குப் போட வேண்டும். டிசைன் அறிக்கையில் அந்த 1.5 இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். வீட்டுக் கணக்கை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

கான்கிரீட் போடும் முந்தின நாள் சைட்டுக்குப் போங்கள். தூணில் கட்டிய ரிங்கின் முனைகள் 135 டிகிரிக்கு வளைந்து உள்ளே நோக்கியிருக்க வேண்டும். வெறும் 90 டிகிரியில் மடக்கியிருந்தால் குலுக்கலில் பிரிந்துவிடும். கம்பி கட்டுகிறவர் முணுமுணுப்பார். மாற்றச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். கவர் பிளாக், கியூப் டெஸ்ட் எல்லாம் உங்கள் இன்ஜினியர் பாடு.

அதே நாளில் பிளம்பர், ஏ.சி.காரர், ஆக்சிஜன் லைன்காரர் மூவரையும் வரவழையுங்கள். ஓட்டை வேண்டிய இடமெல்லாம் அன்றைக்கே குழாய்த் துண்டு வைத்துவிட வேண்டும். கட்டடம் முடிந்தபின் கோர் கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால், இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட டிராயிங் இல்லாமல் அவரை உள்ளே விடாதீர்கள்.