ஆடுகருவியும் அறிவுக்கருவியும்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள சிற்பிகள் வாகை முதலிய மரங்களில் கடவுள் திருவுருவங்களைச் செதுக்குகின்றனர். 2021ஆம் ஆண்டில் அவர்தம் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றன. சிற்பியின் உளி பட்ட மரம் திருவுருவமாகிறது. அதே மரத்தின் வேறொரு துண்டு தச்சனின் கையில் நடைவண்டியாகிறது. நடைவண்டி குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்; ஆயினும் அதனைத் தள்ளித் தள்ளியே குழந்தை நடை பயில்கிறது. ஆடுவதற்கென வந்த பொருள் ஆசிரியனாகவும் அமைந்துவிடுகிறது.

இதனை ஒத்த மாற்றம் ஒன்று மின்னணுக் கருவிகளின் வரலாற்றிலும் நிகழ்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவியைக் கணிப்பொறியாக வளர்த்தெடுக்கச் சிலர் முயன்றனர். அம்முயற்சியில் தோற்றவரும் உளர், வென்றவரும் உளர். இருவர் வரலாறும் அறியத் தக்கவையே.

விளையாட்டுக் கருவிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டின் உள்ளேயும் கணக்கிடும் சில்லு ஒன்று உண்டு. அதனைச் செயலி என்பர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 6502 என்னும் செயலி விற்பனைக்கு வந்தது. அக்காலத்துப் பிற செயலிகள் விலை மிக்கவை. இதன் விலையோ இருபத்தைந்து டாலரே. எனவே பலரும் அதனை விரும்பி வாங்கினர். 1977இல் வெளிவந்த ஆப்பிள் இரண்டு என்னும் கணிப்பொறி இச்செயலியால் இயங்கியது. அதே ஆண்டில் வந்த அட்டாரி விளையாட்டுக் கருவியும் இதன் இனத்தைச் சேர்ந்த செயலியாலேயே இயங்கியது. ஒரே மரம் திருவுருவமும் நடைவண்டியும் ஆவது போல, ஒரே இனத்துச் சில்லு கணிப்பொறியும் ஆயிற்று. விளையாட்டுப் பெட்டியும் ஆயிற்று.

அங்ஙனமாயின் விளையாட்டுப் பெட்டிக்கு இல்லாதவை எவை? அவை நான்கு. எழுத்துகளை உள்ளிட விசைப்பலகை இல்லை. எழுதியதைத் தாங்கும் அளவுக்கு நினைவகம் இல்லை. ஆக்கியதைச் சேமித்து வைக்க வழி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் தன் கருத்தை அக்கருவிக்கு உணர்த்துவதற்கு ஒரு மொழி இல்லை. விளையாட்டுப் பேழையில் பிறர் எழுதி வைத்த கட்டளைகளையே அக்கருவி நிறைவேற்றும். ஆடும் சிறுவன் இடப்புறம் நகர்த்தலாம், வலப்புறம் நகர்த்தலாம், தாவச் செய்யலாம். பிறர் வகுத்த எல்லைக்குள்ளேயே அவன் ஆடுகிறான். இந்நான்கு குறைகளும் நீங்கினால் அவன் கட்டளையிடுபவன் ஆவான்.

இதனை உணர்ந்த அமெரிக்க நிறுவனங்கள் பெற்றோரின் ஆவலைத் தூண்டின. பிள்ளைகள் ஆடிப் பொழுது போக்குகின்றனரே என்று வருந்திய பெற்றோர்க்கு, 'இன்று ஆடுகருவி வாங்குங்கள். நாளை விசைப்பலகையை இணைத்தால் அது கணிப்பொறியாகும்' என்னும் உறுதிமொழி இனித்தது. மேட்டல் என்னும் நிறுவனம் 1980ஆம் ஆண்டளவில் இன்டெலிவிஷன் என்னும் கருவியை நாடெங்கும் விற்றபோது இவ்வாறே கூறியது. மக்கள் நம்பி வாங்கினர். ஆனால் விசைப்பலகைப் பகுதியோ சிலரிடமே சென்று சேர்ந்தது. எஞ்சியோர் காத்திருந்து சலித்து முறையிட்டனர். அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் தலையிட்டுத் திங்கள்தோறும் தண்டம் விதித்தது. பின்னர் 1983இல் அந்நிறுவனம் வேறோர் எளிய விசைப்பலகையை வெளியிட்டு ஒருவாறு தன் சொல்லைக் காத்துக்கொண்டது.

கோலிகோ நிறுவனத்தின் கதை இன்னும் இரங்கத் தக்கது. தோல் வணிகமாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1982இல் கோலிகோவிஷன் என்னும் சிறந்த ஆடுகருவியை ஆக்கிப் புகழ் பெற்றது. மறு ஆண்டே ஆதாம் என்னும் கணிப்பொறியைக் கொணர்ந்தது. முழுக் கணிப்பொறியாகவும் அதனை வாங்கலாம். முன்பே கோலிகோவிஷன் வைத்திருப்போர் அதனோடு இணைக்கும் பகுதியை மட்டும் வாங்கியும் கணிப்பொறி ஆக்கிக்கொள்ளலாம். விசைப்பலகை, நாடாவில் பதியும் பொறி, அச்சுப்பொறி ஆகிய அனைத்தும் ஒருங்கே கிடைத்தன. ஆயினும் அமைப்பில் பெருங்குறைகள் இருந்தன. கணிப்பொறிக்கு மின்சாரம் வழங்கும் பகுதியை அச்சுப்பொறிக்குள் வைத்திருந்தனர். அச்சுப்பொறி பழுதானால் கணிப்பொறியும் உறங்கிவிடும். மின்விசையை இட்ட நொடியில் எழும் காந்தத் தாக்கம், உள்ளே விட்டுவைத்த நாடாவில் பதிந்தவற்றை அழித்துவிடவும் கூடும். பல நாள் உழைத்து எழுதியதைத் தொடக்கத்திலேயே அழிக்கும் கருவியை யார் விரும்புவர்? 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆதாமின் விற்பனையை அந்நிறுவனம் கைவிட்டது.

இவ்விரு தோல்விகளும் உணர்த்துவது யாது? கல்வியின் பெயரால் தரப்படும் வாக்கு பிற வாக்குகளினும் பொறுப்பு மிக்கது. தந்தை தன் உழைப்பின் பயனைச் செலவிடுவதும், சிறுவன் தன் இளமையின் நாள்களைச் செலவிடுவதும் அதனை நம்பியே அன்றோ?

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நின்டெண்டோ நிறுவனம் பேமிகாம் என்னும் ஆடுகருவியை வெளியிட்டது. அதன் செயலியும் 6502இன் வழிவந்ததே. மறு ஆண்டில் அதற்கென விசைப்பலகையும் பேமிலி பேசிக் என்னும் மொழிப்பேழையும் வந்தன. பேசிக் என்பது கற்போர்க்கென 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வகுக்கப்பட்ட எளிய கணிப்பொறி மொழி. பேமிகாமில் எழுதியதை ஒலிப்பதிவுப் பொறியின் நாடாவில் பதித்து வைக்கவும் வழி செய்தனர். நினைவகமோ மிகச் சிறிது. ஏறத்தாழ இரண்டாயிரம் எழுத்துகளே அதில் அடங்கும். பாடநூலின் இரண்டொரு பக்க அளவே அது. எனினும் அச்சிறிய இடத்துக்குள் சிறுவன் தானே ஓர் உருவை நிறுத்தலாம். அதனை நடக்கச் சொல்லலாம். சுவரில் மோதினால் திரும்பச் சொல்லலாம். சொன்னது பிழையாயின் கருவி இயங்காது. பிழை எங்கே உளது என்று தேடித் திருத்தும்போது அவன் தன் எண்ணத்தையே திருத்திக்கொள்கிறான்.

அக்கருவியால் பயன் பெற்றோருள் சதோஷி தஜிரி என்பவர் ஒருவர். 1965இல் பிறந்த அவர் இளமையில் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்தார். ஊர் நகரமாக வளர வளரப் பூச்சிகள் வாழ்ந்த இடங்கள் மறைந்தன. தஜிரியின் ஆர்வம் விளையாட்டுக் கருவிகளின்பால் திரும்பியது. ஆடுவதோடு அவர் அமையவில்லை. விளையாட்டுகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை அறியப் பேமிலி பேசிக்கைப் பயின்றார். 1989இல் அவருடைய குழுவினர் ஆக்கிய முதல் விளையாட்டு வெளிவந்தது. 1996இல் போக்கிமான் வெளிவந்தது. உயிரினங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் அவ்விளையாட்டு உலகெங்கும் பரவிற்று. அதன் வேர் யாது? பூச்சி தேடிய ஒரு சிறுவனின் நினைவே. இழந்த காட்டை அவர் கருவிக்குள் மீண்டும் வளர்த்தார்.

இந்தியாவில் இவ்வரலாறு வேறு வழியில் நடந்தது. 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவணரசு கிளாஸ் என்னும் திட்டத்தால் சில பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கியது. அப்பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் செயலியும் 6502தான்! ஆனால் நாட்டின் பெரும்பாலான சிறுவர் கண்டவை பேமிகாமைப் போலச் செய்த மலிவான ஆடுகருவிகளே. 1990களில் அவை கடைத்தெருக்களில் பெருகின. விளையாட்டுப் பேழையைச் சிறுவர் 'கேசட்' என்றே அழைத்தனர். அவற்றுள் சில, விசைப்பலகையோடும் பேசிக் மொழியோடும் தட்டெழுத்துப் பயிற்சியோடும் வந்தன. 2008ஆம் ஆண்டில் டெரெக் லோமாஸ் என்னும் அமெரிக்க மாணவர் பன்னிரண்டு டாலர் விலையில் அத்தகைய கருவி இந்தியாவில் விற்பதைக் கண்டு வியந்தார். ஏழைச் சிறுவர்க்கான கல்வி விளையாட்டுகளை அதில் அமைக்கும் பொருட்டு, நண்பர்களோடு பிளேபவர் என்னும் முயற்சியைத் தொடங்கினார்.

விசைப்பலகையோடு கூடிய கருவி எளிய வீடுகளுக்கும் வந்தது உண்மை. ஆயினும் அவ்வீடுகளில் எத்தனை தஜிரிகள் தோன்றினர்? கருவியின் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். எழுதியதைச் சேமிக்கும் வழி பலவற்றில் இல்லை. மின்விசையை நிறுத்தியதும் எழுதியது மறைந்துவிடும். 'இது எதற்கு?' என்று வினவும் சிறுவனுக்கு விடை சொல்ல அருகில் ஒருவரும் இலர். ஆகவே விசைப்பலகை தூசு படிந்து ஒரு புறம் கிடக்க, ஆட்டம் மட்டும் தொடர்ந்தது. நடைவண்டியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? தள்ளிக் காட்டி, விழும்போது தூக்கி நிறுத்தும் கை ஒன்றும் வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. தினையும் சாமையும் விளையும் அம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1976ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் ஏவலுக்கு உட்பட்டுக் கூலியின்றி உழைக்கும் நிலை அவர்கட்கு இருந்தது. ஏவப்படுதல் இன்னதென அம்மலையின் முதியோர் நன்கறிவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் பயில்கின்றனர். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், கணிப்பொறி எட்டாக் கனியாக இருந்த நிலையும் மாறலாயிற்று.

இன்றைய கைப்பேசி ஒன்றின் ஆற்றல் அன்றைய பேமிகாமின் ஆற்றலைப் போலப் பல்லாயிர மடங்கு. விசைப்பலகை அதில் உண்டு; நினைவகம் உண்டு; சேமிப்பும் உண்டு; தமிழும் உண்டு. அன்று குறையாக இருந்த நான்கும் இன்று நிறைவாயின. எஞ்சி நிற்பது ஒன்றே. அதனைக் கையில் ஏந்தும் சிறுவன் பிறர் எழுதிய கட்டளைக்கு இயங்குவானா, தன் கட்டளையைத் தானே எழுதுவானா?

பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்து அதற்கு இலை ஊட்டும் சிறுமி கல்வராயன் மலையிலும் இருக்கக்கூடும். எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்பதை அவள் அறிவாள். மழை வரும் குறியையும் அறிவாள். ஜப்பானியச் சிறுவன் ஒருவனின் பூச்சி ஆர்வம் உலகையே ஆடச் செய்தது. அவளுடைய மலையும் அவ்வாறே ஒரு நாள் உலகுக்குத் தெரியலாகாதா? கருவி ஆயத்தமாக உளது. அவள் அருகில் அமர்ந்து முதற் கட்டளையை எழுதக் கற்பிக்கும் ஆசிரியரே இனி வேண்டும்.