வலிக்காத கண்ணுக்கு எட்டு அமினோ அமிலங்கள்

சுகர்னு சொன்னா நமக்கு விழித்திரைதான் ஞாபகம் வரும். கார்னியாவை யாரும் கண்டுக்கிறதில்லை. கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்புகள் ஏராளம். தூசு பட்டா உறுத்துவது அவற்றால்தான். காயம் ஆற உதவும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பெப்டைடைச் சுரப்பதும் அவைதான். நீரிழிவு இந்த நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்குது. அப்புறம் கீறல் விழுந்தா சரியா ஆறாது, வலியும் தெரியாது. வலிக்கலைன்னா டாக்டர்கிட்ட போவோமா?

சரி, சப்ஸ்டன்ஸ் பி-யையே சொட்டு மருந்தா விட்டா? ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் நிஷிடா குழு சோதித்தபோது அது தனியாக வேலை செய்யவில்லை. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் சேர்ந்தால்தான் செல்கள் நகர்ந்து காயத்தை மூடின. ஆனா முழு மூலக்கூறுகளை விட்டால் கண்மணி சுருங்கலாம், கார்னியாவில் ரத்தக்குழாய் முளைக்கலாம். அதனால வெட்டிப் பார்த்தாங்க (எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்). முதலாவதின் 11 அமினோ அமிலங்களில் கடைசி 4, இரண்டாவதின் 70-இல் ஒரு 4. இந்த இரண்டு துண்டுகளும் சேர்ந்தாலே போதும்! நரம்புணர்வு இழந்த கார்னியா உள்ள நோயாளிகள் சிலருக்கும் இந்தச் சொட்டால் புண் மூடியது.

பெரிய தொல்லை கண்ணீர்தான். விட்ட மருந்தைச் சில நிமிஷத்தில் கழுவிடும். அதிலுள்ள நொதிகள் பெப்டைடை வெட்டவும் செய்யும்.