பிள்ளைகளுக்கு வாத்தியம்

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.

உன் மக்கள் இருவரையும் வாத்தியம் பயிலச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வலையிழுக்கும் குடியில் பிறந்தவர்களுக்கு வயலினும் மிருதங்கமும் எதற்கு என்று குப்பத்தில் சிலர் பேசுவதால் உன் மனம் சஞ்சலப்பட்டிருப்பதும் கடிதத்தில் தெரிந்தது. நம் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போகும் வழியிலுள்ள மணலியில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த முத்துசுவாமி தீக்ஷிதரின் தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர், வெள்ளைக்காரருடைய பிடிலை ஓர் ஐரோப்பியரிடமே கற்று, அதை நம் சங்கீதத்துக்கு உரியதாக்கினார். அந்நிய தேசத்து வாத்தியமே நம்முடையதாகிவிட்ட பின்பு, அது இன்ன குலத்தாருக்கு மட்டுமே என்று வரம்பு கட்ட யாருக்கு அதிகாரம் உண்டு? ஆகவே அந்தப் பேச்சைப் பொருட்படுத்தாதே.

எங்கே சேர்ப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரையுள்ளோர் மூன்றாண்டுகள் பயிலலாம். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் 7ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆயினும் அது வாரநாட்களில் பகலில் நடக்கும் படிப்பு. பள்ளிக்கூடத்தைக் கெடுத்து அங்கே அனுப்ப நான் சம்மதியேன். ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விடுமுறை நாட்களில் வகுப்பு உண்டு. எந்த வாத்தியம் சொல்லித்தருகிறார்கள் என்பது மையத்துக்கு மையம் வேறுபடுமாதலால், நேரில் விசாரித்துக்கொள். அதுவும் தூரமென்றால், பொன்னேரிப் பக்கம் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடு. பஸ்ஸில் அலைந்தே களைத்துப்போகும் குழந்தைக்கு எந்த வித்தையும் ஏறாது.

ஏரியில் பாடு முறைப்படி இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று வகுத்திருக்கிறோம். தன் முறையன்று கரையில் இருந்துவிட்டவன், அது மறுபடி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சாதகத்துக்கும் உன் வீட்டில் அவ்வாறே தினந்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கவோ ஐஸ் வாங்கவோ இறால் தரம் பிரிக்கவோ பிள்ளைகளை ஏவாதிருப்பாயானால், ஆசிரியர் கற்பிப்பதில் பாதியை நீயே கற்பித்தவனாவாய்.

கடன்பட்டுப் பெரிய வயலின் வாங்காதே. ஒன்பது வயதுப் பையனின் கைக்கு அரை அளவு வயலினே பொருந்தும். பெரியதை வாங்கிக் கொடுத்தால் தோளும் விரலும் நோகும், வெறுப்பு வந்துவிடும். நம் உப்பங்காற்றில் உலோகத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்து, வில்லின் மயிரைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைக்கப் பழக்கு. மிருதங்கத்தை ஈரத்தரையில் வைக்கக்கூடாது. தோல் நமுத்தால் சுருதி நிற்காது.

அரங்கேற்றம் எப்போது, சம்பாத்தியம் எப்போது என்று இரண்டு வருஷங்களுக்காவது யாரும் கேட்கவேண்டாம். மகனை மட்டும் சேர்த்துவிட்டு, பெரியவளை அடுப்பங்கரையில் அம்மாவுக்குத் துணையாக நிறுத்திக்கொள்ளலாம் என்றொரு யோசனை உன் கடிதத்தின் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது. அதை இப்போதே விட்டுவிடு. மிருதங்கம் வேண்டுமென்று கேட்டவள் அவள்தான். வருகிற சனிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு போய், அவள் பெயரை முதலில் எழுதிக்கொடு.