கடலுக்கடியில் நீந்தப் போகிறீர்களா? அலர்ஜி மாத்திரையில் கவனம் தேவை!

"பையன் ஃப்ரெண்ட்ஸோட அந்தமான் போறான் டாக்டர். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கிட்டு கடலுக்கடியில மீன் பார்க்கப் போறானாம். அவனுக்குத்தான் எப்பவும் அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் ஆச்சே, வழக்கமா போடற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்து அனுப்பலாமா?"

இப்படிக் கேட்கும் தாய்மார்கள் இப்போது பெருகி வருகிறார்கள். முதலில் ஒரு திருத்தம். பொழுதுபோக்கு முங்குதலுக்கு அந்த சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் தனி ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இந்த விவரம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மாத்திரை மூளையில் என்ன செய்கிறது?

தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாதபோது உடம்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்படுகிறது. அரிப்பு, தும்மல், மூக்கில் நீர் எல்லாம் அதன் வேலை. மாத்திரை அதைத் தடுக்கிறது. ஆனால் இதே ஹிஸ்டமினுக்கு மூளையில் வேறொரு உத்தியோகம் உண்டு. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. மாத்திரை மூளைக்குள் புகுந்தால் அந்த விழிப்பும் சேர்ந்து மங்கும்.

குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் சுலபமாக நுழைபவை. குளோர்பெனிரமின் பெரியவர்களின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாம். "நேத்து ராத்திரிதானே போட்டேன்" என்று காலையில் கடலில் இறங்குவது சரியல்ல. பின்னால் வந்த லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். செட்டிரிசின் பழையவற்றைவிடத் தேவலை என்றாலும் சிலரை அசத்திவிடும்.

"எனக்குத் தூக்கமே வரலையே!"

பலரும் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் கார் ஓட்டும் மாதிரி யந்திரத்தில் நடந்த ஒரு ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதில் டைபென்ஹைட்ரமின் சாப்பிட்டவர்கள், மது அருந்தியபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிட்டபோது அப்படி ஆகவில்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று அவர்களே சொன்னதை வைத்து, அவர்கள் ஓட்டும் லட்சணத்தைக் கணிக்க முடியவில்லை. ஆக, தூக்கம் வராததால் புத்தி கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஆழமும் சேர்ந்தால்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் தரையில் இருப்பதுபோல் நான்கு மடங்கு. இந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது சிலிண்டர் காற்றிலுள்ள நைட்ரஜனே லேசான போதை தரும். 30 மீட்டர் வாக்கில் பலருக்கு இது தெரிய ஆரம்பிக்கும். அசட்டுத் தைரியம், மறதி, தாமதமான முடிவு என்று வரும். மேலே வந்தால் தெளிந்துவிடும்.

கடல் பயணக் குமட்டலுக்குத் தரும் டைமென்ஹைட்ரினேட் மருந்தை வைத்து, 66 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்த அறையில் பரிசோதித்தார்கள். அந்த ஆய்வும் 2000-இல் வெளியானதுதான். மருந்தால், மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறும் திறன் குறைந்தது. ஆழத்தால் ஞாபகசக்தி குறைந்தது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதல்முறை போகிறவர்களை வழக்கமாக 12 மீட்டருக்கு மேல் இறக்குவதில்லை. அங்கே நைட்ரஜன் போதை பெரிதாக இருக்காது. ஆனாலும் மீட்டரில் மீதிக் காற்றைப் பார்க்க வேண்டும், கூட வருபவரின் கை ஜாடையைப் புரிந்துகொள்ள வேண்டும். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்ற வேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கினால் நுரையீரல் கிழியும் அபாயம் உண்டு. கொஞ்சம் மந்தமானாலும் எங்கே தவறு நடக்கும் என்று சொல்ல முடியாது.

படகில் போடும் மாத்திரை

ராத்திரி தும்மலுக்கு ஒரு மாத்திரை, காலையில் படகு ஆட்டத்துக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறோம். அவோமினில் இருக்கும் புரோமெதசின், அலர்ஜி மாத்திரையின் பங்காளிதான்! தெரியாமலே இரட்டை அளவு உள்ளே போகிறது. அதன்மேல் முதல் நாள் ராத்திரி பீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடைத்த மூக்கோடு இறங்கலாமா?

கூடவே கூடாது. மூக்கும் காதும் உள்ளே இணைந்தவை. அழுத்தம் சமன் ஆகாவிட்டால் செவிப்பறை கிழியலாம். அடைப்பு நீக்கும் மருந்து போட்டு இறங்கினாலும், அதன் வேகம் பாதியில் தீர்ந்துபோனால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியின்றி வலியும் தலைசுற்றலும் வரும். கீழே இறங்கியபின் அதற்குப் பரிகாரம் தேடுவது கஷ்டம்.

மூலிகை என்றால் பயமில்லையா?

சித்த மருத்துவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அமுக்கராவும் சாதிக்காயும் தூக்கத்துக்காக நாங்கள் கொடுப்பவை. அரிஷ்டங்களில் இயல்பாகவே கொஞ்சம் மதுச்சத்து உண்டு. "நாட்டு மருந்துதானே" என்று முங்குகிற நாளில் இவற்றைச் சாப்பிடக் கூடாது. பீனிசத்துக்கு வைத்தியம் செய்வதென்றால் வாரக்கணக்கில் முன்கூட்டியே ஆரம்பியுங்கள். புறப்படுகிற நாளில் ஓடி வந்து பயனில்லை.

மனதில் வையுங்கள்:

1. போகுமுன் ஒரு மாதம் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். மூளையை மந்தமாக்காத மருந்தாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

2. புதிய மருந்தை முதன்முதலாகக் கடலில் சோதிக்காதீர்கள். ஊரிலேயே சில நாள் சாப்பிட்டுப் பாருங்கள்.

3. ஆஸ்துமாவுக்கோ தடிப்புக்கோ தினசரி மருந்து எடுப்பவர்கள் தானாக நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் முங்கலாமா என்பதையே மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

4. முங்குமுன் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் எழுதுங்கள்.

5. அன்று மூக்கு அடைத்திருந்தால், பணம் கட்டியாச்சே என்று பார்க்காமல் கரையிலேயே இருந்துவிடுங்கள். மீன்கள் அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.