வகுப்பறையை விட்டுவிடாதே, கயல்

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நேற்று ராத்திரி உங்கம்மா போன் செய்து வெகுநேரம் பேசினாள். கல்லூரி வேலையை விட்டுவிட்டு பெங்களூர் கம்பெனியில் சேரப் போகிறாயாம். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல் இரண்டரை மடங்காம். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, என்னவென்று கேட்டால் எரிந்து விழுகிறாள் என்றாள். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முடிவு உன்னுடையது. உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றி யோசித்துப் பார். கிளைமட்டாலஜி வகுப்புக்கு வருடாவருடம் நீ எடுத்துப்போகிற புத்தகத்தை எழுதியவர். பிள்ளைகள் ‘கோனிக்ஸ்பெர்கர்’ என்று புத்தகத்தையே அவர் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய்.

ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1908-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பாவும் கட்டடக் கலைஞர். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பூல்சிக்கிடம் படித்தார். 1933-இல் ஷிங்கல் பரிசு வாங்கினார். அந்த நாட்டில் இளம் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு அது பெரிய கௌரவம். அதே வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வம்சம் என்று இவரை அரசு வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். எகிப்துக்குப் போய்த் தொல்லியல் வேலையில் சேர்ந்தார். பழைய எகிப்தியர்கள் கதவை எப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ந்து 1936-இல் புத்தகமாகவே போட்டார். நம் லால்குடி வீட்டுக் கதவுபோலக் குடுமியில் திரும்புகிற கதவுகள் அவை. பரிசு வாங்கிய கை, ஊர் விட்டு ஊர் போய், ஒரு கதவை உட்கார்ந்து அளந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது அந்த இடத்தில்தான்.

அவருடைய தாய்மாமன் யார் தெரியுமா? இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பார்ன். அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டி வந்தவர்தான். நம் சி.வி. ராமன் அழைத்து 1935-36-இல் சில மாதம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். மருமகன் 1939-இல் அதே ஊருக்கு வந்தார். திவான் மிர்ஸா இஸ்மாயில் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக அவரை வேலைக்கு வைத்தார். அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறைக்கும் உலோகவியல் துறைக்கும் கட்டடம் அவர் போட்டதுதான். ஜாம்ஷெட்பூர் நகரத்துக்கும் புவனேஸ்வருக்கும் திட்டம் வகுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில் வீட்டுவசதி இயக்குநர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. ஆலையிலேயே கான்கிரீட் பலகை வார்த்துக் கொண்டுபோய்ப் பூட்டலாம் என்று அவர் முயற்சியில் டெல்லியில் அரசாங்கம் ஒரு வீட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது. பலகைகள் விரிசல் விட்டன. பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. 1951-இல் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். இத்தனை பெரிய பதவியில் இருந்தவர் அங்கே போய் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். நடுவில் நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தில்லைநகர் வீடு கட்டும்போது உங்கப்பாவிடம் சொன்னேன். மேற்கே அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டாம், மாடிப்படியையும் குளியலறையையும் அந்தப் பக்கம் தள்ளு, படுக்கையறை கிழக்கே இருக்கட்டும் என்று. வரைபடம் போட்டவர் கண்ணாடி வைத்தால்தான் முகப்பு எடுப்பாக இருக்கும் என்றார். உங்கப்பா அவர் பேச்சைக் கேட்டார். சரி, அவர் வீடு, அவர் பணம். ஆனால் என் அம்மா, உன் பாட்டி, கடைசிக் கோடையில் படுத்திருந்தது அந்த அறையில்தானே? சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் இரண்டடி சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராகக் கட்டிலுக்கு வரும். கண்ணாடியில் ஈரத்துண்டு கட்டினோம். அரைமணியில் காய்ந்து விறைத்துவிடும். வெயில் இறங்கினால் தீர்ந்ததா? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூடு உள்பக்கம் வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி பதினோரு மணிக்குச் சுவர் கொதிக்கும். அம்மா கையை அதன்மேல் வைத்துவிட்டு எடுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நீ அவளுக்கு விசிறிவிட்டாய். உனக்கு மறந்திருக்காது.

அந்த வரைபடக்காரர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு எந்தக் கோணத்தில் விழும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வாத்தியார் வாய்க்கவில்லை. குளிர்நாட்டுப் புத்தகம் தெற்குச் சுவரில்தான் வெயில் என்று சொல்லும். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் நடுப்பகல் வெயில் வாங்குவது வடக்குச் சுவர். இதை உன் பிள்ளைகளிடம் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் குச்சி நட்டு நிழலைக் காட்டினேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். அன்றைக்கு உன் முகம் இருந்த இருப்பை உங்கம்மாவும் பார்த்தாள். அதனால்தான் நேற்று அவள் குரல் அப்படி ஆனது.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். நைஜீரியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்த அடெயெமி என்ற மாணவர், இங்கே நீங்கள் கற்றுத்தருவது எங்கள் ஊருக்கு உதவாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதையொட்டி 1953-இல் ஒரு மாநாடு நடந்தது. அடுத்த வருடமே லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் (ஏ.ஏ.) கட்டடக்கலைப் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்கென்று ஒரு துறை பிறந்தது. சில வருடங்களில் அதன் தலைமை கோனிக்ஸ்பெர்கரிடம் வந்தது. மைசூரில் வாங்கிய அனுபவம், டெல்லியில் பட்ட அடி எல்லாம் பாடமாயிற்று. 1971-இல் அந்தத் துறை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மாறியது, இன்றும் நடக்கிறது. 1974-இல் மூன்று பேரோடு சேர்ந்து உன் கையில் இருக்கும் புத்தகத்தை எழுதினார். கார்ல் மஹோனி பெயரில் வழங்கும் அட்டவணைகள் அந்தத் துறையில் உருவானவைதான். மாதாமாத வெப்பம், ஈரப்பதம், மழை இவற்றை நிரப்பினால் ஜன்னல் எவ்வளவு, சுவர் கனமா லேசா, கூரை எப்படி என்று வழிகாட்டும். ஒரு பென்சில் போதும். உலோகவியல் கட்டடம் இருப்பது பெங்களூரில் ஒரு வளாகத்துக்குள். அந்த அட்டவணையோ இன்றைக்கும் எத்தனையோ நாட்டு மாணவர்களின் கையில் இருக்கிறது.

அவர் படம் போடுவதை நிறுத்திவிட்டு வாத்தியார் ஆனார் என்று நான் சொல்லவில்லை. கடைசிவரை ஊர் ஊராகப் போய் ஆலோசனை சொன்னவர்; 1963-இல் சிங்கப்பூருக்கு ஐ.நா. அனுப்பிய மூவர் குழுவிலும் இருந்தார். கட்டத் தெரிந்ததால் அவர் பாடத்துக்கு உயிர் இருந்தது. நீயும் கட்ட வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியில் உனக்குக் கொடுக்கப்போவது முகப்புப் பிரிவு என்று உங்கம்மா சொன்னாள். இருபது மாடிக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி கண்ணாடி போர்த்திவிட்டு, அந்தச் சூட்டைத் தள்ள ஏசி போடுகிற வேலை. மேற்கு எது, வடக்கு எது என்று பார்க்காத வேலை. அதை நீ செய்ய வேண்டுமா?

வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும். கல்லூரிச் சம்பளம் போதாது, அதுவும் தெரியும். ஸ்டூடியோ, ஜூரி, விடைத்தாள் என்று உடம்பை உருக்குகிறார்கள். முழுநேரம் முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் விசிட்டிங் கேள். மீதி நாளில் சின்னச் சின்ன வீடுகளை எடுத்துச் செய். ஸ்ரீரங்கத்தில் நான் வாங்கிப் போட்ட மனைக்கு வரைபடம் நீதான் போடப்போகிறாய். ஊர்க்காரருக்குக் கொடுக்கும் கூலியைக் குறைக்காமல் உனக்கும் கொடுப்பேன். கடன் தவணையில் ஒரு வருடத்துக்குப் பாதியை நான் கட்டுகிறேன். உங்கப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் முதல் ஆர்க்கிடெக்ட் நீ. உன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பெங்களூருக்கே போனாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற்றிவிட நான் வருவேன். உன் அத்தை அதிரசம் செய்து தருவாள். எந்த வேலை செய்தாலும் நீ எங்கள் தங்கம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ராத்திரி தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாமே. ஞாயிறு காலை எனக்கு ஒரு போன் செய்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
மாமா