தலைமுறை சாபமா, மறதி நோயா?



செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கிராமங்களிலும் ஜெபிக்கப் போகிற வீடுகளில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன்: "பாஸ்டர், பாட்டிக்கு ஞாபகம் போச்சு, இப்போ அம்மாவுக்கும் போகுது. இது தலைமுறை சாபமா? நாளைக்கு எனக்கும் வருமா?" இந்தப் பயத்தினால் கலியாணத்துக்கே தயங்குகிற பிள்ளைகளும் உண்டு. ஆகவே நான்கு காரியங்களைக் கவனிப்போம்.

1. இது வியாதி

டிமென்ஷியா என்கிற மறதி நோயில் மூளையின் செல்கள் கொஞ்சங்கொஞ்சமாய் அழிகின்றன. நம் தேசத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது உண்டென்று 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இத்தனை வீட்டிலுமா சாபம்? சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்கிற தாயைப் பிசாசு பிடித்தவள் என்று அதட்டாதிருங்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவைகளாலும் மறதி வரும்; இவைகளுக்கு மருந்து இருக்கிறது. ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதிருங்கள்.

2. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

ஏ.பி.ஓ.ஈ.-4 என்கிற ஜீன் வகைக்கும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு 1993-ல் தெரியவந்தது. அது இருந்தால் ஆபத்து கூடும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் அநேகர். இல்லாமலே நோய் வந்தவர்களும் அநேகர். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-ல் தம் ஜீன் முழுவதையும் வாசிக்கக் கொடுத்தபோது, இந்த ஒன்றை மட்டும் தமக்குச் சொல்ல வேண்டாம் என்றார். அவர் பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. விஞ்ஞானியே அப்படியென்றால், கடன் வாங்கி டெஸ்ட் எடுக்க நமக்கென்ன அவசரம்? குடும்பத்தில் பலருக்கு 40, 50 வயதிலேயே வந்திருந்தால் மாத்திரம் அபூர்வமான வேறொரு ஜீன் காரணமாகலாம். அப்போது நரம்பியல் டாக்டரிடம் ஆலோசனை கேட்டபின் தீர்மானியுங்கள்.

3. நம் கையில் இருப்பது

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, காது மந்தம், கண் மங்கல், தலைக்காயம், தனிமை என 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவக் குழு பட்டியலிட்டது. இவைகளைச் சரிசெய்தால் 100-க்கு 45 பேர் வரை நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி டப்பாவில் வைத்தால் போதுமா? விழுங்க வேண்டும்.

4. வாலிபரின் மூளை

ஆபத்தை யோசித்து நிதானிக்கிற முன்மூளை முதிர்ச்சியடைய 25 வயதுக்குக் கிட்ட ஆகிறது. ஆசையும் வேகமும் அதற்கு முன்னமே வந்துவிடும். ஆகவே 15 வயதுப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்துவிட்டு, ஈ.சி.ஆர். ரோட்டில் நிதானமாய்ப் போவான் என்று நம்பாதிருங்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் விதிக்கலாம். அபராதத்தைவிட தலைக்காயம் கொடியது. லைசென்ஸ் உள்ள பிள்ளைக்கும் முதலில் ஹெல்மெட், பிறகுதான் சாவி.

பிரியமானவர்களே, பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை நம் பெயரை மறந்துபோன பெற்றோருக்கும் பொருந்தும். அவர்கள் நம்மை மறந்தாலும் நாம் அவர்களை மறவாதிருப்போம். இந்த வாரமே உங்கள் பிரஷரைப் பாருங்கள். உங்கள் தெருவில் தனித்திருக்கிற ஒரு முதியவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.