காற்றை அதன் வழியில் விடு

மட்டாஞ்சேரி

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி அரை மணி நேரம் வேகவேகமாக மிதித்தும் கிளட்சில் ஏர் போகவில்லை, மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். போகாதுதான். வேகமாக மிதித்ததால்தான் போகவில்லை.

பெடலின் மிதி ஆயில் வழியாகக் கீழே ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும் கதையெல்லாம் நீ படித்தது; விடுகிறேன். நீ தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கூரையை அறுத்துத் துணி போட்டுவிட்டு அதை 'ஸ்பிட்ஃபயர்' என்று அழைப்பதை மட்டும் விட மனம் வரவில்லை. ஆனாலும் ரத்த உறவு உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதை வடிவமைத்த மிக்கெலோட்டியிடமே புது பாடி வரைந்து வாங்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். வண்டலூர்ப் பக்கத்தில் நம் ஹெரால்ட் 1961-லேயே உருளத் தொடங்கிவிட்டது. ஆக, ஸ்பிட்ஃபயர்க்காரர்களின் கிளட்ச் வியாதி உன் வண்டிக்கும் உண்டு: ஸ்லேவ் சிலிண்டரைத் தலைகீழாகப் பொருத்தினாலும் அது சாதுவாக உட்கார்ந்துகொள்ளும். காற்றை வெளியேற்றும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே குந்தியிருக்கும். அப்புறம் நீ விடிய விடிய மிதித்தாலும் கீழ் வழியாக ஆயில்தான் வரும்.

குழாய் குறுகலானது, அதில் ஆயில் ஓடும் வேகம் குமிழியை இழுத்துக்கொண்டு போகும். சிலிண்டர் அகலமானது. அங்கே ஓட்டம் மந்தம், குமிழி நழுவி மேல்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லேவின் விட்டம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள். ஒரே ஒரு சி.சி. காற்று நசுங்கினால் பிஸ்டனின் நகர்வில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் காணாமல் போகும். கிளட்ச் விடுபடுவதற்கும் விடுபடாததற்கும் இடையே இருப்பதே சில மில்லிமீட்டர்தான். பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் நின்று முதல் கியரைத் தேடிப் பார், அந்த 2 மில்லிமீட்டரின் மதிப்பு தெரியும்.

அடுத்தது பிஸ்டனில் இருக்கும் கப் வாஷர். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள். பூட்டு செய்து பேர் வாங்கிய ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் பாஸ்கலுடையது, சந்தேகமில்லாதது. கசிவுதான் பெரிய தொல்லை. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் திரும்பவில்லை, தளர்த்தினால் தண்ணீர் பீறிட்டது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லிதான் தோலைக் கிண்ணம்போல் வளைத்து வைத்து அதைத் தீர்த்தார் என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1863-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார். அழுத்தம் ஏற ஏற அதுவே கிண்ணத்தின் உதட்டைச் சுவரோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் போனால் உதடு தளரும். இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கயிற்றுப் பொதிகளை நசுக்கிக் கட்டிய பிரஸ்களும் இந்த வம்சம்தான். உன் ஸ்லேவுக்குள் இருக்கும் ரப்பர் அதன் பேரன். இப்போது யோசி: பெடல் படக்கென்று மேலே எழும்போது உள்ளே அழுத்தம் விழுகிறது, உதடு தளர்கிறது, வெளிக்காற்று நுழைய வழி கிடைக்கிறது. வேகமாக மிதிப்பவர் காற்றை எடுக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருக்கிறார்!

ஆயில் விஷயத்திலும் உனக்கு ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. 'ஒழுகாதவரை மாற்ற வேண்டாம்' என்கிறாய். கிளட்சிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான். ஆரம்ப காலத்து பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. இப்போதைய டாட் 3, டாட் 4 கிளைக்கால் வகை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. கிளட்சில் அவ்வளவு சூடு இல்லை என்று நீ வாதிடுவாய். சரி. ஆனால் அந்த ஈரம் சிலிண்டர் சுவரை அரித்துக் குழி போடும், குழி ரப்பரின் உதட்டைக் கிழிக்கும். ஈரம் என்றால் என்ன என்று இங்கே சுக்கு மண்டிக்காரருக்குத் தெரிந்த அளவு கூட மெக்கானிக்குகளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்று. கடலோரத்தில் இருந்தால் வருஷா வருஷம். சிலிக்கோன் ஆயில், அதாவது டாட் 5, ஈரம் உறிஞ்சாது என்று ஆசைப்படாதே. உள்ளே வந்த தண்ணீர் அதில் கலக்காமல் தாழ்ந்த இடத்தில், அதாவது ஸ்லேவிலேயே, தேங்கும். என்ஜின் ஆயிலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே, ரப்பர் ஊதிவிடும்.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். உள்ளே கார்ப்பெட்டை எடுத்து கியர்பாக்ஸ் மூடியைக் கழற்று. நிப்பிள் மேலே இருக்கிறதா என்று கண்ணால் பார், யாரையும் கேட்காதே. பிறகு மிதிப்பதையே விட்டுவிடு. ஒரு பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ட்யூபில் காற்றில்லாமல் பார்த்து, நிப்பிள் வழியாக மெதுவாக ஏற்று. காற்று தானாகப் போக விரும்பும் திசையில் மேலே போய் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் குமிழும். டப்பா வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும், முதலிலேயே பாதி ஆயிலை எடுத்துவிடு.

அதற்குப் பிறகும் ரிவர்ஸ் கியர் கரகரத்தால் பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பின்னையும் அது நுழையும் துளையையும் பார். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானமும் நகர்வைத் தின்னும். மாஸ்டர் சிலிண்டரை அதுவரை வாங்காதே. பெடலை முழுசாக மிதிக்கும்போது ஸ்லேவின் புஷ்ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து எழுது. 'நல்லா வருது சார்' என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்